இரண்டு தட்டு இடம்

வேம்புலியம்மாள் வேகமாகத் தட்டச்சு செய்கிறவள் அல்ல. அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் இருந்த தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் அவளைவிட வேகமான விரல்கள் மூன்று நான்கு ஜோடி இருந்தன. ஆனால் அவள் அடித்த பக்கத்தில் அழித்த தடம் இருக்காது. ஒரு வரியை முழுக்கப் பார்த்துவிட்டு, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்துகொண்டுதான் விரலை வைப்பாள். இதைத் திறமை என்பதா சுபாவம் என்பதா தெரியவில்லை. பயம் என்றும் சொல்லலாம்.

ஊர் அம்மன் பெயரை அவளுக்கு வைத்திருந்தார்கள். நிலையத்தின் உரிமையாளர் பார்த்தசாரதி அதை 'வேம்பு' என்று சுருக்கிவிட்டார். அவளுடைய குடும்பம் மேனாம்பேட்டில் பயிர் வைத்த குடும்பம். தொழிற்பேட்டை வந்தபோது நிலம் போயிற்று. அப்பா கஜபதி, தன் தகப்பனார் வேர்க்கடலை போட்ட அதே இடத்தில் இப்போது கொட்டகைக்குள் நின்று கதவுக் கீல் அடித்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் பெரிதாக நினைத்ததில்லை. கடலைச் செடிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, இங்கே உண்டு என்பார்.

மணவாளன் முதன்முதலில் அந்த மாடிப்படி ஏறியது எண்பத்தேழில், ஒரு மழைக்கால மாலையில். ஒரு தனியார் கல்லூரியில் கணித விரிவுரையாளர். அவருடைய அப்பா ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையில் பிட்டர். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்கள். கையில் இருந்த கோப்பு நனையாமல் காத்து, தான் நனைந்து வந்திருந்தார்.

"கணக்குல தீசிஸ் சார். இங்க அடிச்சித் தருவீங்களா?"

பார்த்தசாரதி ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தலைகீழாகவும் பார்த்தார். "இது இங்கிலீஷா, வேற எதுனாவா?"

"இங்கிலீஷ்தான் சார். நடுநடுவுல கிரேக்க எழுத்து வரும்."

"நம்ம மெஷின் பாஸ் பண்ணது இங்கிலீஷ் ஹையர் மட்டுந்தான்."

"இடம் விட்டு அடிச்சா போதும். அப்புறம் நானே பேனாவால போட்டுக்கறேன்." அவர் மூலையில் உட்கார்ந்திருந்த வேம்புவைப் பார்த்தார். "முடியுமா சிஸ்டர்?"

அந்தக் காலத்தில் பட்டணத்து ஆண்கள் தெரியாத பெண்களிடம் பேச அந்த ஒரு சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். பஸ்ஸில், ரேஷன் கடையில், பாங்கில், எங்கும் சிஸ்டர்தான். அது மரியாதையான சொல். அதே நேரத்தில், பேச்சு தொடங்கும் முன்பே நட்டுவிடும் வேலி. அவளும் பதிலுக்கு 'சார்' என்று தன் பக்கம் ஒரு வேலி நட்டாள். இரண்டும் நன்றாகவே நின்றன.

ஆய்வேட்டின் தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: திடீரென நகர்த்தப்பட்ட தட்டின் மேல், மின்சாரம் பாயக்கூடிய, நியூட்டன் விதிக்கு அடங்காத திரவங்களின் ஓட்டம். ஒரு பக்கம் அடிப்பதற்குள் பாதி நாள் போயிற்று. கிரேக்க எழுத்துக்கு இடைவெளிக் கட்டையில் ஒரு தட்டு தட்டினால் பேனா நுழைய இடம் போதாது. மூன்று தட்டு தட்டினால் சொல் உடைந்ததுபோல் இருந்தது. இரண்டு தட்டு சரியாக உட்கார்ந்தது. கார்பன் வைத்து எடுத்த பிரதிகள் எல்லாவற்றிலும் அந்த ஓட்டைகளை மணவாளன் கையால் நிரப்ப வேண்டும். அதனால் கல்லூரி விட்டதும் ரயிலில் வந்து இறங்கி, அவள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, மெல்லிய முனைப் பேனாவில் கறுப்பு மை ஊற்றி எழுதிக்கொண்டிருப்பார். மாலை வகுப்புப் பிள்ளைகள் பின்னால் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த மேஜை மட்டும் அமைதியாக இருக்கும். கிளம்பும்போது அவர் 'போயிட்டு வரேன் சிஸ்டர்' என்பார், அவள் 'போயிட்டு வாங்க சார்' என்பாள்.

பிறகு ஒத்துப் பார்க்கும் வேலை. ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்க வேண்டும். முதல் வாரம் அவர் வாசித்தார். அவருக்குத் தொண்டை கட்டியதும் அவள் வாசிக்க வேண்டி வந்தது. ஆங்கிலம் தடங்கல் இல்லாமல் போயிற்று. ஒரு சமன்பாட்டில் வந்து நின்றாள்.

"இன்னா சார் இது, கொண்டை போட்ட ஓ?"

"எது?"

"இதோ. ஓ எழுதி, தலைல ஒரு பக்கமா கொண்டை முடிஞ்ச மாதிரி."

அவர் எட்டிப் பார்த்தார். "சிக்மா. மின்சாரம் எவ்வளவு பாயும்கறது."

"அதுக்குக் கீழ வால் விட்ட பீ."

"ரோ. அடர்த்தி." தொண்டை கட்டியிருந்ததையும் மீறிச் சிரித்தார். "அப்ப இது?"

அவர் காட்டிய தீட்டாவைப் பார்த்து அவள் சொன்னாள்: "அரைஞாண் கட்டின ஓ."

அன்று தொடங்கியது. படுத்த எட்டு என்றால் முடிவிலி. திரும்பின ஆறு என்றால் வகைக்கெழு. மூன்று முனையோடு நின்ற எழுத்தை அவள் யோசிக்காமலே சூலம் என்றாள். ஆரம்பத்தில் அவர் ஒவ்வொன்றையும் திருத்தினார். அவளும் மனப்பாடம் செய்யப் பார்த்தாள். ஆனால் வாசிக்கிற வேகத்தில் அவளுக்குக் கிரேக்கம் ஓடவில்லை, அவளுடைய பெயர்கள் ஓடின. ஒரு மாதத்துக்குள் அவரே, "கொண்டை ஓ, பி ஸ்கொயர், கீழ வால் பீ, சரியா இருக்கா சிஸ்டர்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே மாதிரி ஆரம்பித்தது. முதலில் தட்டும் திரவமும் அசைவில்லாமல் இருக்கின்றன. பிறகு தட்டு சட்டென்று நகர்கிறது. அந்தச் 'சட்டென்று' என்பதற்கு அவர் போட்டிருந்த ஆங்கிலச் சொல்லை அவள் நிலையத்து அகராதியில் பார்த்தாள். 'முன்பின் யோசியாமல்' என்று இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கட்டா? இந்தத் தட்டு ஏன் திடீர்னு நகருது?"

அவருடைய பேனா நின்றது. "ஏன்னா?"

"யார் நகர்த்தறாங்க, எதுக்கு நகர்த்தறாங்க, எங்கயும் போடலியே."

"அத யாரும் கேக்கறதில்ல சிஸ்டர். நகர்ந்துச்சு. அதுக்கப்புறம் மேல இருக்கற திரவத்துக்கு என்ன ஆச்சுங்கறதுதான் கணக்கு."

"தட்ட ஒட்டிகினு இருக்கறது இன்னா பண்ணும்?"

"தட்டு போற வேகத்துல கூடவே போகும். வழுக்கி விடாது. மேல போகப் போகக் கொறஞ்சிடும். ரொம்ப தூரத்துல இருக்கறதுக்குத் தட்டு நகர்ந்ததே தெரியாது."

"தண்ணிலகூட அப்டிதான?"

"தண்ணிக்கு ஞாபகம் கிடையாது. இப்ப இழுக்கறது மட்டுந்தான் அதுக்குத் தெரியும். நம்ம திரவத்துக்கு ஞாபகம் உண்டு. முன்னாடி எப்படி இழுபட்டுதோ, அதையும் வெச்சிக்கிட்டுதான் இப்ப நகரும். மெல்ல மறந்தும் போயிடும். மங்கும் நினைவுன்னே அதுக்குப் பேர்."

"அப்ப அடிக்கடி காந்தம்னு வருதே, அது?"

"காந்தம் பிடிச்சு வெக்கும். ஓட விடாது."

"எங்க அம்மா மாதிரி" என்றாள். அவர் சிரித்ததில் மை ஒரு சொட்டுத் தாளில் விழுந்தது. அந்தப் பக்கத்தை அவள் மறுபடி அடித்தாள். அலுப்பே தெரியவில்லை. அவர் 'நம்ம திரவம்' என்று சொன்னது காதிலேயே நின்றது. பேச்சுவாக்கில் எல்லோரும் சொல்வதுதான் அது. அவளுக்கும் அது தெரியும்.

ஆடி மாதம் வந்தபோது அவரே சொன்னார். "உங்க கோயில்ல கூழ் ஊத்துவாங்கல்ல? வேகமா கிண்டிட்டுத் துடுப்ப எடுத்துடுங்க. மேல ஒரு வேப்பிலை போட்டுப் பாருங்க. சுத்தி நின்னப்புறம் கொஞ்சம் பின்னால வரும். ஞாபகத்தக் கண்ணால பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பெரிய அண்டாவுக்கு முன் நின்று அவள் அதையே செய்தாள். இலை சுழன்றது, தயங்கியது, நின்றது. கூட்டத்தில் யாரோ இடித்தார்கள். அவள் கண்ணை எடுக்கவில்லை. இலை ஒரு விரல் அகலம் வந்த வழியே திரும்பியது.

"இன்னாடி பண்ற?" அம்மா நாகம்மா பின்னாலிருந்து கேட்டாள். "கூழு அடி புடிச்சிகினு கீது, நீ உள்ள எட்டிப் பாத்துகினு கீற."

"திரும்பி வருதான்னு பாத்தேம்மா."

"இன்னாது திரும்பி வருது?"

"கூழு."

"டைப்பு அடிச்சி அடிச்சி இவளுக்கு மண்ட கலங்கிப்போச்சி" என்று நாகம்மா பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பொதுவாக அறிவித்துவிட்டுத் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த வருஷக் கடைசியில் ஆய்வேட்டில் கிரேக்க எழுத்துகள் குறையத் தொடங்கின. கடைசி அத்தியாயம் பெரும்பாலும் வெறும் ஆங்கில வாக்கியங்கள். அவர் வந்து உட்கார வேண்டிய நேரமும் குறைந்தது. அப்போது வேம்பு ஒரு காரியம் செய்தாள். 'கே' என்ற எழுத்து வந்த இடத்திலெல்லாம் இரண்டு தட்டு தட்டி வெறுமையாக விட்டாள்.

"கே மெஷின்லயே இருக்கே சிஸ்டர்?"

"அந்தக் கட்டை சிக்குது சார்."

அவர் ஒன்றும் கேட்காமல் ஒவ்வொரு கே-யையும் கையால் எழுதினார். அது காதில் விழுந்த பார்த்தசாரதி மறுநாள் எண்ணெய்க் குப்பியோடு வந்து அந்த இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தார். "நல்லாத்தானமா கீது. யாரு சிக்குதுன்னது?" வேம்பு தலையைத் தூக்கவில்லை. அதற்குப் பிறகு கே சிக்கவில்லை.

ஆய்வேடு கட்டுக்கட்டிப் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. நன்றியுரைப் பக்கத்தில் அவளுடைய முழுப் பெயரையும் போடச் சொல்லியிருந்தார். வேம்புலியம்மாள் என்று ஆங்கிலத்தில் அடித்தபோது அது மிக நீளமாகத் தெரிந்தது. பிழையின்றித் தட்டச்சு செய்ததற்கு நன்றி. எல்லா ஆய்வேடுகளிலும் யாராவது ஒரு பெண்ணுக்கு இந்த வரி இருக்கும்.

பிறகு அவர் வரவில்லை. வர வேண்டிய வேலையும் இல்லை. வேம்பு மனுக்களும் ஒப்பந்தங்களும் அடித்தாள். அவற்றில் எங்கும் இடம் விட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சில சமயம் கட்டைவிரல் தானாகப் போய் இரண்டு தட்டு தட்டிவிடும். முதன்முறையாக அவள் பக்கங்களில் அழித்த தடம் விழுந்தது.

வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பட்டாபிராமிலிருந்து பரந்தாமன் என்று ஒருவர். தொழிற்பேட்டையில் கடைசல் வேலை. தன் அக்காவோடு வந்து, காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்தார். அவரைப் பற்றிச் சொல்ல இது போதும் என்று நினைக்கிறேன். நாகம்மாவுக்குப் பிடித்துவிட்டது.

"சரின்னு சொல்லிடட்டா?"

"கொஞ்சம் இரும்மா."

"இன்னாத்துக்கு இருக்கணும்? அந்தப் புள்ளைக்கி இன்னா கொற?"

"கொறன்னு நான் சொன்னனா?"

வேம்பு எதற்காகக் காத்திருந்தாள் என்பதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. மணவாளனைக் கட்டிக்கொள்வதாக அவள் கற்பனை செய்ததில்லை. அதற்கு அவளிடம் ஆதாரம் ஏதும் கிடையாது. ஆதாரம் இல்லாமல் அடிக்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு வருஷத்துக்கு மேல் எதிரெதிரே உட்கார்ந்திருந்ததில் ஏதாவது அவரிடம் தங்கியதா, அல்லது தண்ணீர்போல் விட்டதும் எல்லாம் மறந்துபோனதா? தெரிந்துவிட்டால் எந்தப் பதிலாக இருந்தாலும் அவளால் அடுத்த காரியத்துக்குப் போக முடியும். தெரியாமல் போக முடியவில்லை. இதை ஒருவரிடம் கேட்பதற்கோ வழியே இல்லை. கேட்ட கணத்தில் கேள்வி வேறாகிவிடும்.

எண்பத்தொன்பது மாசியில் ஒரு மாலை அவர் படியேறி வந்தார். கையில் கோப்பு இல்லை.

"வர்ற வியாழக்கிழமை தீசிஸ்க்கு வாய்மொழித் தேர்வு, வைவா. எல்லாரும் வந்து கேக்கலாம், கதவு திறந்துதான் இருக்கும். நீங்க அவசியம் வரணும் சிஸ்டர். உங்களவிட அதிகமா அதை யாரும் படிச்சதில்ல."

"எனக்கு இன்னா சார் புரியும்?"

"எங்க பிரின்சிபாலே வர்றாரு. அவருக்கு மட்டும் புரியுமா?" என்றார். பிறகு குரல் தணிந்தது. "ராஞ்சிப் பக்கம் ஒரு காலேஜ்ல வேலை கிடைச்சிருக்கு. வைவா முடிஞ்சதும் கிளம்பறேன். அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன்."

"திடீர்னா?" என்று கேட்டாள்.

"ஆமா. திடீர்னுதான்."

வியாழக்கிழமை அவள் பழுப்பு நிறப் புடவை கட்டிக்கொண்டு சென்ட்ரலுக்கு ரயிலேறினாள். பல்கலைக்கழகத்தில் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகக் கடற்காற்று வந்து முன்வரிசையில் இருந்தவர்களின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் அவருடைய வழிகாட்டியும், பெங்களூரிலிருந்து வந்திருந்த தேர்வாளரும். தேர்வாளர் முன்னால் அவள் அடித்த பிரதி.

மணவாளன் கோட்டு போட்டிருந்தார். அது தோளில் பெரிதாக இருந்தது. ஆங்கிலத்தில் அரை மணி நேரம் பேசினார். பேச்சு நன்றாக இருந்தது, ஆனால் மனப்பாடம் செய்ததுபோலவும் இருந்தது. எழுத்துகளைக் கிரேக்கப் பெயரிலேயே சொன்னார். சிக்மா, ரோ, தீட்டா. ஒவ்வொன்றும் வந்தபோது வேம்பு மடியில் விரலைக் கோத்துக்கொண்டாள். ஆக, அவ்வளவுதான் என்று நினைத்தாள். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

பிறகு தேர்வாளர் கேள்வி கேட்டார். காந்தப்புலத்தை எடுத்துவிட்டால் இந்தச் சமன்பாடு என்ன ஆகும், கரும்பலகையில் செய்து காட்டுங்கள். அது ஆய்வேட்டில் இல்லாத கேள்வி. மணவாளன் சாக்கட்டியை எடுத்து எழுதத் தொடங்கினார். முதுகு அறைக்குத் திரும்பியிருந்தது. எழுதுவதை வாயும் கூடவே சொல்லிக்கொண்டு போயிற்று. ஆங்கிலத்தில்தான் சொன்னார். நடுவில், மிகத் தெளிவாக, "கொண்டை ஓ, பி ஸ்கொயர், பை வால் பீ" என்றார்.

யாரோ இருமினார்கள். அவர் கவனிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனார். "ஆஸ் ஒய் டென்ட்ஸ் டு படுத்த எட்டு."

அறை சிரித்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எதுவரை போகும் என்றீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மணவாளன் திரும்பினார். தான் என்ன சொன்னோம் என்பது அவர் முகத்தில் மெதுவாக வந்து சேர்ந்ததை வேம்பு கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தாள். காது நுனிகள் சிவந்தன. "முடிவிலி சார். மன்னிக்கணும். அது தட்டச்சு செய்யும்போது வைத்த பெயர்" என்றார். தேர்வாளர் தலையசைத்தார். வழிகாட்டி முகத்தைச் சுளித்தார். மணவாளன் பலகையில் படுத்திருந்த எட்டை ஒரு முறை பார்த்துவிட்டு மேலே தொடர்ந்தார். மீதிக் கணக்கு நேராக வந்தது.

வேம்புவுக்கு அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

முடிந்ததும் வராந்தாவில் எல்லோருக்கும் சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். அவருக்கு மாலை போட்டார்கள். அவருடைய அப்பா யார் யாருக்கோ கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். வேம்பு தூணோரம் நின்று டீயைக் குடித்து முடித்தபோது மணவாளன் கூட்டத்திலிருந்து விலகி வந்தார்.

"உங்க பேருங்க என்னை மாட்டி விட்டுடுச்சு."

"நான் இன்னா சார் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. வாயத் திறந்தா அதான் வருது."

இருவரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"போயிட்டு வரேன்" என்றார்.

அந்த வாக்கியம் அங்கே முடிகிற வாக்கியம் அல்ல. ஒவ்வொரு மாலையும் கோப்பை மூடிவிட்டு அவர் சொன்னது அதுதான். அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு சொல் வரும். அன்று அது வரவில்லை. வேறு சொல்லும் வரவில்லை. அங்கே இடம் மட்டும் இருந்தது, இரண்டு தட்டு அளவுக்கு.

அவள் காத்திருந்தாள். அவரும் நின்றார். பிறகு அவள், "போயிட்டு வாங்க" என்றாள். அவளும் தன் பக்கத்துச் சொல்லை விட்டுவிட்டிருந்தாள்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர். பின்னாளில் பரந்தாமனோடு பட்டாபிராமில் குடியிருந்து, இதே ரயிலில் வேலைக்குப் போய்வந்து, தொண்ணூறுகளின் கடைசியில் நிலையத்துக்குக் கணிப்பொறி வந்து, எந்தக் கிரேக்க எழுத்தையும் ஒரு சொடுக்கில் போட்டுவிடலாம் என்றான பிறகும், அவள் கொண்டை ஓ எங்கே இருக்கிறது என்றுதான் தேடினாள். வாழ்க்கை மோசமாகப் போகவில்லை. பரந்தாமன் நல்ல மனிதர். ஆனால் அந்த இடத்தை அவள் எதைக் கொண்டும் நிரப்பப் பார்த்ததில்லை. அது மங்கியதா என்றால், மங்கியது. இல்லாமல் போனதா என்பது வேறு கேள்வி.

அன்று வீட்டுக்கு வந்தபோது நாகம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"போன காரியம் இன்னாடி ஆச்சி?"

"பாஸாயிட்டாரு."

"உன்னாண்ட இன்னா சொன்னாரு?"

வேம்பு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாததுக்கா இவ்ளோ தூரம் ரயில் ஏறிப் போயிட்டு வந்த?"

"ஆமாம்மா" என்றாள். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டாள். அதை ஆய்ந்து முடித்ததும், "பட்டாபிராமுக்குச் சரின்னு சொல்லி அனுப்பிடு" என்றாள்.